மறுகால் இல்லாத வீடு: சாமான் ஏன் சேர்கிறது, பழக்கம் எப்படி ஒட்டுகிறது

ஓணத்துக்கு முன்னால் ஒரு தடவை, கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு தடவை, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது ஒரு தடவை என்று வீட்டையே புரட்டிப் போடுகிறோம். முதுகு வலிக்க வேலை செய்து முடித்தால் இரண்டு வாரம் வீடு பளிச்சென்று இருக்கும். மூன்றாவது மாதம் மேசை மேல் அதே பில் கட்டு, நாற்காலி மேல் அதே துணி, மச்சில் இன்னும் இரண்டு அட்டைப்பெட்டி. உடனே வீட்டிலேயே தீர்ப்பும் எழுதிவிடுவார்கள்: "இடம் போதாது", "பிள்ளைகளுக்குப் பொறுப்பு இல்லை", "எல்லாம் சோம்பல்".

இந்தத் தீர்ப்புகள் பெரும்பாலும் தவறு. சாமான் சேர்வதற்கு ஒரு முறை இருக்கிறது. அது புரிந்தால் பாதி வேலை குறையும். கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, கேரள எல்லைக்கு அப்பால் பாறசாலை வரை உள்ள வீடுகளை மனத்தில் வைத்து எழுதியது இது. இரண்டு பருவமழையும் நனைக்கிற ஊர், வளைகுடாவிலிருந்து பெட்டி வருகிற ஊர், ஆளுக்கொரு கல்யாணம் என்று எவர்சில்வர் வந்து குவிகிற ஊர். பெருநகர ஃபிளாட்டுக்கு எழுதிய ஆலோசனை இங்கே அப்படியே பொருந்தாது.

மூன்று வேலை, ஒரே பெயர்

"வீட்டை ஒதுக்குகிறேன்" என்று சொல்லி நாம் செய்வது உண்மையில் மூன்று வேறு வேலைகள்.

சுத்தம் செய்வது என்றால் தூசியையும் அழுக்கையும் எடுப்பது. ஒதுக்குவது என்றால் கலைந்து கிடக்கிற பொருளை அதனதன் இடத்தில் கொண்டு வைப்பது. குறைப்பது என்றால் தேவையில்லாத பொருளை வீட்டை விட்டே அனுப்புவது.

பண்டிகைக்கு முன் நடப்பது முதல் இரண்டும்தான். மூன்றாவது நடப்பதே இல்லை. இடம் என்று ஒன்று இல்லாத பொருளை ஒதுக்க முடியாது, இடம் மாற்றத்தான் முடியும். ஹாலிலிருந்து படுக்கையறைக்கு, அங்கிருந்து கட்டிலுக்கு அடியில், கடைசியில் மச்சுக்கு. பொருள் வீட்டுக்குள் ஊர்வலம் போகிறது, வெளியே போவதில்லை.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். குறைப்பது என்றால் வெள்ளைச் சுவரும் ஒற்றைப் பாயுமாகத் துறவி போல வாழ்வது அல்ல. பத்துப் பேர் வந்து சாப்பிடுகிற வீட்டுக்குப் பதினைந்து தட்டு வேண்டும்தான். நாற்பது எதற்கு என்பதுதான் கேள்வி.

குளத்துக் கணக்கு

ஊர்க்குளத்தை நினைத்துப் பாருங்கள். வரத்துக்கால் வழியாகத் தண்ணீர் வருகிறது. மடை வழியாகப் பாசனத்துக்குப் போகிறது. மிஞ்சினால் மறுகால் வழியாக வழிந்து அடுத்த குளத்துக்குப் போகிறது. மறுகாலை மண் மூடிவிட்டால் என்ன ஆகும்? கரையை உயர்த்தலாம், கொஞ்ச நாள் தாங்கும். தண்ணீரை இறைத்துக் கொட்டலாம், அடுத்த மழையில் மறுபடி நிறையும். வரத்தும் போக்கும் சமமாகிற வரை மட்டம் ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

வீட்டிலும் அதே கணக்கு. கடைத்தெரு, கல்யாண வீடு, ஆன்லைன் ஆர்டர், வளைகுடாப் பெட்டி எல்லாம் வரத்துக்கால்கள். சாப்பிட்டு, உடுத்தி, தேய்த்துத் தீர்ப்பது மடை. தீராமல் மிஞ்சுவது வெளியே போகிற வழிதான் மறுகால். நாளுக்கு ஒரே ஒரு பொருள் மிஞ்சினாலும் வருடத்துக்கு 365 பொருள். புது அலமாரி வாங்குவது கரையை உயர்த்துவது. வருடத்துக்கொரு பெரிய ஒதுக்கல் இறைத்துக் கொட்டுவது. இரண்டாலும் மட்டம் நிரந்தரமாக இறங்காது.

பழைய வீடுகளில் நெல் கொட்டி வைத்த மரப்பெட்டியான பத்தாயத்தை யாரும் குறை சொல்லவில்லை. அது நிறைய நெல்லைச் சேர்த்து வைத்ததுதான். ஆனால் அதற்கு ஓர் அளவு இருந்தது, அடுத்த பூ, அதாவது அடுத்த போகத்து நெல் வருவதற்குள் பழைய நெல் தீர்ந்தது. சேமிப்புக்கும் தேக்கத்துக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவுதான்.

இதுவரை சொன்னது: வீட்டில் எவ்வளவு சாமான் இருக்கும் என்பதை இடத்தின் அளவு தீர்மானிப்பதில்லை. என்ன வேகத்தில் வருகிறது, என்ன வேகத்தில் போகிறது என்பதே தீர்மானிக்கிறது.

வரத்தைப் பார்ப்பது

முதல் வாரம் எதையும் களைய வேண்டாம். கதவுக்குப் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டி, உணவு தவிர வீட்டுக்குள் வருகிற ஒவ்வொன்றையும் எழுதுங்கள். ஜவுளிக்கடைக் கட்டைப்பை, பார்சல் வந்த பிளாஸ்டிக் டப்பா, கல்யாண வீட்டுத் தாம்பூலப்பை, நோட்டீஸ், மருந்துச்சீட்டு, "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்று வந்த குவளை. பட்டியலைப் பார்த்தால் ஒன்று தெளியும்: காசு கொடுத்து விரும்பி வாங்கியது குறைவு, தானாக வந்தது அதிகம்.

தானாக வருவதை அளவுப்பெட்டி கொண்டு அடக்கலாம். அளவுப்பெட்டி என்பது ஒரு வகைப் பொருளுக்கு இவ்வளவுதான் இடம் என்று முன்கூட்டியே ஒதுக்கிய ஒரு கொள்கலன். கட்டைப்பைகளுக்கு ஒரு கட்டைப்பை. அதற்குள் மடித்து அடங்குகிறவை இருக்கட்டும், அடங்காதவை வெளியே. எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு முறையும் வாதாட வேண்டாம், பை சொல்லிவிடும். டப்பாக்களுக்கும் அப்படியே. எல்லாவற்றையும் அடுக்களைத் தரையில் பரப்பி மூடியும் டப்பாவும் ஜோடி சேருங்கள். ஜோடி இல்லாதது உடனே போக வேண்டும், மூடி ஒருநாளும் திரும்பி வராது.

அட்டைப்பெட்டிகளை மட்டும் கொஞ்சம் கடுமையாகப் பார்க்க வேண்டும். மிக்ஸி வந்த பெட்டி, டிவி வந்த பெட்டி என்று மச்சு நிறைய அடுக்குகிறோம். நெளிநெளியான உள்தாள் உள்ள அட்டை ஈரத்தை உறிஞ்சும். அந்த நெளிவுக்குள் கரப்பான் குடியிருக்கும், தரையில் வைத்தால் சிதல் (கறையான்) ஏறும். திருப்பிக் கொடுக்கக் கடை தந்த கெடு முடிந்ததும் பெட்டியைப் பிரித்துத் தட்டையாக்கிக் கட்டி வைத்துவிடுங்கள். வாரன்டிக்குப் பெரும்பாலும் கேட்பது பில்லைத்தான்.

போக மறுப்பது ஏன்

குவியலைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால், அதில் பாதி பொருள் அல்ல, முடிவு எடுக்காமல் விட்ட விஷயங்கள். ஓடாத கடிகாரம் என்றால் "சரி பண்ணணுமா, களையணுமா" என்ற கேள்வி. இதை ஒத்திப்போட்ட முடிவு என்று சொல்லலாம். கேள்விக்குப் பதில் சொல்ல மனம் வராதபோது பொருளை ஓர் ஓரத்தில் வைக்கிறோம். அடுத்த முறை கையில் எடுக்கும்போதும் அதே கேள்வி, அதே ஓரம்.

இரண்டாவது காரணம் உடைமை மயக்கம். நம்முடையது என்று ஆனவுடன் ஒரு பொருளின் மதிப்பு நம் கண்ணுக்கு ஏறிவிடும். டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் சிலருக்குக் காபிக் குவளை கொடுத்தார்கள். குவளை கிடைத்தவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, கிடைக்காதவர்கள் வாங்கத் தயாராக இருந்த விலையைப் போலச் சுமார் இரண்டு மடங்கு. சில நிமிடம் கையில் இருந்த குவளைக்கே அப்படி என்றால், இருபது வருடம் மச்சில் இருந்த ஃபிளாஸ்க்குக்குக் கேட்கவே வேண்டாம். இந்த மயக்கத்தைத் தாண்ட ஒரு கேள்வி உதவும்: "இது இப்போது கடையில் இருந்தால், காசு கொடுத்து வாங்குவேனா?"

மூன்றாவது பெரியவர்களின் வார்த்தை. "அத களைஞ்சிராத மக்கா, ஒரு தேவைக்கு ஆவும்." இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. ஒரு ஆணி வாங்கக்கூட டவுனுக்கு நடந்து போன காலத்தில் ஆணியைச் சேர்த்து வைத்ததுதான் புத்தி. இன்று கடை பக்கத்தில், ஆணி மலிவு, இடம்தான் கிராக்கி. அவர்களோடு வாதாடி ஜெயிக்க முயல்வதை விட, அவர்களுடைய சாமானைத் தொடாமல் விட்டு உங்களுடையதிலிருந்து தொடங்குவதே நடக்கக்கூடிய வழி. அடுத்தவர் பொருளை அவர் அறியாமல் களைவது வீட்டில் நம்பிக்கையைக் கெடுக்கும், அப்புறம் ஒரு காலி பாட்டிலைக்கூட வெளியே அனுப்ப முடியாது.

மறுகால் வெட்டுவது

இதுதான் மொத்த விஷயத்திலும் கனமான பகுதி. பலர் பொருளைப் பிரிப்பது வரை சரியாகச் செய்கிறார்கள். "கொடுக்க வேண்டியது" என்று ஒரு மூட்டை கட்டி வராந்தாவில் வைக்கிறார்கள். மூட்டை அங்கேயே ஒரு மழைக்காலத்தைப் பார்க்கிறது. பிறகு யாரோ அதைப் பிரித்து நல்லதாக நான்கை உள்ளே எடுத்துக்கொள்கிறார்கள். எனவே பிரிக்கும் முன்பே, எது எங்கே போகும், எந்தக் கிழமை போகும் என்று தீர்மானியுங்கள். கிழமை இல்லாத மறுகால் மறுகாலே அல்ல.

காகிதம், அட்டை, இரும்பு, எவர்சில்வர், பாட்டில் ஆகியவை ஆக்கர் கடைக்கு, அதாவது பழைய சாமான் வாங்குகிற கடைக்கு. மாதத்தில் ஒரு சனிக்கிழமை என்று வையுங்கள். காகிதம் நனைந்திருந்தால் விலை இறங்கும், அதனால் மழை மாதங்களில் உயரமான, காய்ந்த இடத்தில் கட்டி வைக்க வேண்டும்.

பித்தளையும் வெண்கலமும் தனிக் கணக்கு. வெண்கலத்துக்குப் பித்தளையை விட விலை கூடுதல். இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கொடுத்தால் எல்லாம் பித்தளை விலைக்குப் போகும். தட்டிப் பார்த்தால் வெண்கல உருளி நீண்ட நேரம் ரீங்கரிக்கும், பித்தளைப் பாத்திரத்தின் ஓசை சீக்கிரம் அடங்கிவிடும். வீட்டிலேயே எடை போட்டு எழுதிக்கொண்டு, இரண்டு பாத்திரக் கடையில் விலை கேட்டுவிட்டுப் போவது நல்லது. நிலவிளக்கை யாரும் அவ்வளவு லேசில் விற்க மாட்டார்கள், விற்கவும் வேண்டியதில்லை. மூன்று இருந்தால் உறவில் புதுவீடு கட்டுகிறவருக்கு ஒன்றைக் கொடுக்கலாம்.

விருந்துக்கென்று வைத்திருக்கிற அண்டா, பெரிய சருவம் முதலியவை அதிக இடம் அடைப்பவை. கடைசியாக எப்போது அடுப்பில் ஏறியது என்று யோசியுங்கள். வாடகைப் பாத்திரக் கடை பக்கத்தில் இருக்கும்போது, நாலைந்து வருடமாக ஏறாத அண்டாவுக்கு மச்சில் இலவசக் குடியிருப்பு தேவையில்லை.

துணியைக் கொடுப்பதென்றால் துவைத்து, காயவைத்து, பட்டன் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும். கிழிந்ததையும் கறை பட்டதையும் தானம் என்று கொடுப்பது வாங்குகிறவருக்கு அவமானம், பிரிப்பவருக்குக் கூடுதல் வேலை. கிழிந்த பருத்தித் துணியை ஒர்க்‌ஷாப்பில் எண்ணெய் துடைக்க வாங்கிக்கொள்வார்கள். பாலியஸ்டர் அதற்கு அவ்வளவாக ஆகாது.

பிளாஸ்டிக் எல்லைக்கு எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது. கேரளப் பகுதியில் உள்ளாட்சிக்காகக் குப்பை சேகரிக்கிற ஹரித கர்ம சேனா பெண்கள் மாதந்தோறும் வீடு வீடாக வந்து வாங்கிக்கொள்கிறார்கள். கழுவி, காய்ந்து இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய நிபந்தனை. தமிழ்நாட்டுப் பகுதியில் ஊராட்சித் தூய்மைக் காவலர்களிடமோ நகராட்சிப் பணியாளரிடமோ மக்குவது, மக்காதது என்று பிரித்துத் தரலாம். பால் கவரையும் மீன் கவரையும் கழுவாமல் சேர்த்தால் மறுநாளே எறும்பும் நாற்றமும். பாத்திரம் தேய்த்த கடைசித் தண்ணீரில் ஓர் அலசு அலசிக் கொடியில் கிளிப் போட்டால் போதும்.

ஆபத்தான சில பொருள்கள் பிற குப்பையோடு சேரக்கூடாது. உப்பிய செல்போன் பேட்டரியைக் குத்தவோ, காகிதக் கட்டோடு வைக்கவோ கூடாது, தீப்பிடிக்கும். டியூப்லைட்டிலும் சிஎஃப்எல் பல்பிலும் பாதரசம் உண்டு, உடைக்காமல் காகிதத்தில் சுற்றித் தர வேண்டும். இன்சுலின் ஊசியைத் தடித்த பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடி இறுக்க வேண்டும். உப்பிய பேட்டரியைத் தனியாகவும், மற்றவற்றைக் காலாவதியான மருந்தோடு ஒரு தனிப் பையிலும் வைத்து, இன்னது என்று சொல்லிக் கொடுங்கள். முற்றத்தில் போட்டுக் கொளுத்துவது மறுகால் அல்ல, புகை உங்கள் வீட்டுக்குள்தான் வரும்.

சுருக்கமாக: பொருள் வகை ஒன்றுக்கு ஒரு போக்கிடம், போக்கிடம் ஒன்றுக்கு ஒரு கிழமை. இவை இரண்டும் இல்லாமல் பிரிக்கத் தொடங்கினால் குவியல் இடம் மாறும், குறையாது.

எங்கே கை வைப்பது

தொடங்குகிற இடம் தவறினால் முதல் நாளே படுத்துவிடும். ஆல்பத்திலும் அப்பா வைத்துவிட்டுப் போன பெட்டியிலும் தொடங்குகிறவர்கள் மாலை வரை தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். மனம் ஒட்டாத பொருளில் தொடங்கி, ஒட்டுகிற பொருளில் முடிக்க வேண்டும். மருந்துப் பெட்டி முதலில், அதில் தேதி எழுதியிருப்பதால் முடிவு எளிது. அடுத்து டப்பா, பேனா, சார்ஜர். பிறகு காகிதம், அடுக்களை, துணி. நினைவுப் பொருள்கள் எல்லாவற்றுக்கும் கடைசியில்.

ஒரு நேரத்தில் ஓர் இழுப்பறை, 20 நிமிடம், போனில் மணி வைத்துக்கொண்டு. இழுப்பறையை முழுதாகக் கவிழ்த்துக் காலி செய்யுங்கள். "தேவையில்லாததை எடு" என்றால் கை தயங்கும், "தேவையானதைத் திரும்ப வை" என்றால் வேகமாக ஓடும். வேறு அறைக்குப் போக வேண்டிய பொருள் கிடைத்தால் உடனே எழுந்து போகாதீர்கள். பக்கத்தில் ஒரு கூடையில் போட்டு, கடைசியில் ஒரே நடையில் கொண்டு வையுங்கள். எழுந்து போனவர் அந்த அறையில் வேறு வேலையைத் தொடங்கிவிடுவார், கவிழ்த்த இழுப்பறை தரையிலேயே கிடக்கும்.

முடிவு வராத பொருளுக்கு ஒரு சந்தேகப் பெட்டி. மேலே தேதி எழுதி ஒட்டிவிடுங்கள். மூன்று மாதத்தில் தேடி எடுத்தது திரும்ப வீட்டுக்குள், எடுக்காதது வெளியே. ஒரு வீட்டுக்கு ஒரே ஒரு சந்தேகப் பெட்டிதான், இரண்டானால் அதற்குப் பெயர் மச்சு. எதையும் வெளியே அனுப்பும் முன் சட்டைப்பை, பர்ஸ், பழைய அரிசிப்பானை, புத்தகத்தின் நடுப்பக்கம் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். வளையலைப் பானைக்குள் போட்டு வைக்கிற வழக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

காகிதத்தில் நிலத்தின் ஆதாரம் (பத்திரம்), பட்டா, வரி ரசீது, கல்விச் சான்று, ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் தாள் ஆகியவற்றுக்கு ஒரு ஃபைல், அதற்கு ஓர் இரும்பு அலமாரி. பில்லை வாரன்டி அட்டையோடு பின் அடித்து வையுங்கள், பொருள் போகும்போது அதுவும் போகட்டும். ஈசிஜி தாள், பல கடை ரசீதுகள், ஏடிஎம் சீட்டு ஆகியவை வெப்பத்தால் அச்சாகிற தாள். வெயிலிலும் சூட்டிலும் எழுத்து மங்கிவிடும். முக்கியமானதை அந்த வாரமே நகல் எடுக்க வேண்டும். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் செய்தால் சூடு பட்டுத் தாள் முழுக்கக் கறுத்துப்போகும்.

நாற்காலித் துணிக்கும் ஒரு வார்த்தை. ஒரு முறை உடுத்தியது, துவைக்கும் அளவு அழுக்கில்லை, அலமாரியில் வைக்கும் அளவு புதிதும் இல்லை. அதற்கு வீட்டில் இடமே கிடையாது, அதனால் நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறது. ஆளுக்கு இரண்டு கொக்கி வீதம் சுவரில் அடித்தால் போதும். கொக்கி நிறைந்தால் ஒன்று துவைக்கப் போக வேண்டும்.

மழை மாதங்கள்

இந்தப் பகுதிக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் துணியிலும் தோல்செருப்பிலும் மரத்திலும் பூசணம் பிடிக்கும். பொருளை நெருக்கி அடுக்கினால் காற்று ஓடாது, பூசணத்துக்கு அதுதான் வேண்டும். அலமாரிக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே மூன்று விரற்கடை இடைவெளி விடுங்கள். அலமாரியின் உயரத்தில் முக்கால் பங்கு மட்டும் நிரப்புங்கள். லேசாக ஈரம் தங்கிய ஒரு துண்டு மொத்த அடுக்கையும் கெடுக்கும்.

வெளியே குவிந்ததுதான் இன்னும் ஆபத்து. ரப்பர் மரத்துச் சிரட்டை, உடைந்த வாளி, பழைய டயர், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு என எதில் தண்ணீர் தேங்கினாலும் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஏறக்குறைய 7 முதல் 10 நாள். வாரம் ஒரு முறை கவிழ்த்தால் இந்தச் சங்கிலி அறுந்துவிடும். கேரளச் சுகாதாரத் துறை வெள்ளிக்கிழமை பள்ளிகளிலும், சனிக்கிழமை அலுவலகங்களிலும், ஞாயிற்றுக்கிழமை வீடுகளிலும் "டிரை டே", அதாவது தேங்கிய தண்ணீரைக் கொட்டிக் கவிழ்க்கும் நாள், வைக்கச் சொல்வதன் கணக்கு இதுதான். கவிழ்த்தால் மட்டும் போதாது, உள்பக்கத்தைத் தேய்க்கவும் வேண்டும். பாத்திரத்தின் சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, அடுத்த மழையில் பொரிக்கும்.

21 நாள் கதை

மறுகால் வெட்டியாயிற்று, அதில் தண்ணீர் ஓட வேண்டுமே. பழக்கம் பற்றி ஊரெல்லாம் சொல்கிற ஒரு கணக்கு உண்டு: 21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும். இதன் மூலம் 1960-இல் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்கப் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் எழுதிய ஒரு குறிப்பு. அறுவைக்குப் பின் புது முகத்துக்கு நோயாளியின் மனம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று அவர் கவனித்திருந்தார். "குறைந்தது" வாய்மொழியில் உதிர்ந்துபோயிற்று, முகம் பழக்கமாக மாறிவிட்டது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், இரவு உணவுக்கு முன் ஓட்டம் என்று ஆளுக்கொரு சிறு வேலை. யோசிக்காமல் செய்யும் நிலையை எட்ட ஆன நாள்களின் நடுமதிப்பு 66. ஆனால் ஆளுக்கு ஆள், வேலைக்கு வேலை 18 நாள் முதல், கணக்கிட்டு நீட்டிப் பார்த்ததில் 254 நாள் வரை விரிந்தது. ஒரு நாள் தவறவிட்டது பெரிய பாதிப்பு ஏற்படுத்தவில்லை என்பதும் அதில் தெரிந்தது.

பழக்கம் எதில் ஒட்டுகிறது

பழக்கம் என்பது ஓர் இடத்தையோ நேரத்தையோ கண்டதும் யோசனை இல்லாமல் கை செய்கிற செயல். அந்த இடத்தையோ நேரத்தையோ, அல்லது அதற்கு முந்தைய செயலையோ தூண்டல் என்பார்கள். உளவியலாளர் வெண்டி வுட்டும் சக ஆய்வாளர்களும் மாணவர்களை மணிக்கொரு முறை குறிப்பெழுத வைத்ததில், அன்றாடச் செயல்களில் சுமார் 43 சதவீதம் இப்படி வழக்கமாக, வேறு எதையோ நினைத்துக்கொண்டே நடந்தவை என்று தெரிந்தது. மன உறுதிக்கு இதில் பங்கு குறைவு. தூண்டல் மாறாமல் இருக்கிறதா என்பதே முக்கியம்.

எனவே "தினமும் ஹாலை ஒதுக்குவேன்" ஒட்டாது, "தினமும்" ஒரு தூண்டல் அல்ல. ஏற்கெனவே தவறாமல் நடக்கிற ஒன்றின் வாலில் கட்டுங்கள். அந்திசந்திக்கு விளக்கு வைக்கிற வீட்டில் விளக்குக்கு முன்னால், குடும்ப ஜெபம் உள்ள வீட்டில் ஜெபத்துக்கு முன்னால், தொழுகிற வீட்டில் மஃரிபு எனும் அந்தித் தொழுகைக்கு முன்னால், ஐந்து நிமிடம் ஹால் தரையில் கிடப்பதை எடுப்பது. அந்த நேரத்தில் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள் என்பது கூடுதல் வசதி.

அடுத்தது தடங்கல், அதாவது ஒரு செயலைச் செய்ய நடுவில் இருக்கிற சிறு சிறு சிரமங்கள். அழுக்குக்கூடையின் மூடியைத் திறக்க வேண்டும் என்றால் துணி மூடி மேல் விழும். கூடையைத் திறந்ததாக்கி, உடை மாற்றுகிற இடத்திலேயே வையுங்கள். சாவிக் கொக்கி படுக்கையறையில் இருந்தால் சாவி டிவி மேல் இருக்கும். கதவைத் தாண்டியதும் கை எட்டுகிற உயரத்தில் அடியுங்கள். வீட்டார் பொருளை எங்கே போடுகிறார்கள் என்று ஒரு வாரம் பார்த்து, அங்கேயே அதற்கு இடம் செய்வது, அவர்களைத் திருத்துவதை விட மலிவு.

சுருக்கமாக: நடக்க வேண்டியதற்குத் தூண்டல் வேண்டும், தடங்கல் குறைய வேண்டும். நடக்கக் கூடாததற்குத் தடங்கல் அதிகமாக வேண்டும்.

உடம்புக்கும் இதே வழி

ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் கண்ணாடிப் பாட்டிலில் மேசை நடுவில் இருந்தால் போகிறபோக்கில் கை போகும். மூடிய டின்னில் மேல்தட்டுக்கு ஏற்றுங்கள், பழத்தைக் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். போன் சார்ஜரை ஹாலில் பொருத்தினால் படுக்கையில் போன் பார்ப்பது தானாகக் குறையும். ஊறுகாயும் கருவாடும் சாப்பிடுகிற ஊரில் உப்பைக் குறைப்பது கடினம். உலகச் சுகாதார நிறுவனம் நாளுக்கு 5 கிராமுக்கும் குறைவாக, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் கீழே இருக்கச் சொல்கிறது. சாப்பாட்டு மேசையிலிருந்து உப்புக் கிண்ணத்தை எடுத்து அடுக்களையில் வைப்பது தொடங்க நல்ல இடம்.

அதே நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. ஐந்து நாள் அரை மணி நேர நடை என்றால் கணக்கு சரியாக வரும். இங்கே நடைப்பயிற்சி சாவது பெரும்பாலும் ஜூன் முதல் வாரத்தில். மழை வந்ததும் காலைத் தூண்டல் அறுந்துவிடும், மழை நின்றாலும் திரும்பாது. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்த "இப்படியானால் இப்படி" என்ற முன்திட்டம் இதற்குப் பொருந்தும். முன்கூட்டியே எழுதி வைப்பது: "காலை 6 மணிக்கு மழை பெய்தால், அதே நேரத்தில், அதே செருப்பைப் போட்டு, வராந்தாவில் 15 நிமிடம் நடப்பேன்." தூரம் குறைந்தாலும் தூண்டல் உயிரோடு இருக்கும்.

விட்டுப்போகும்போது

கல்யாணம், கோயில் கொடை, சர்ச் திருவிழா, ஊரிலிருந்து விருந்தாளி என எல்லாம் வீட்டின் நேரத்தையே மாற்றிப் போடும். ஒரு நாள் விடுபட்டால் பொருட்படுத்த வேண்டாம். இரண்டு வாரம் விடுபட்டால் பழைய அளவில் திரும்பத் தொடங்காமல், மிகச் சிறிய அளவில் தொடங்க வேண்டும். ஐந்து நிமிட ஹால் ஒதுக்கலுக்குப் பதில் ஐந்து பொருள். ஒரே நேரத்தில் ஒரு பழக்கம் மட்டும் என்பதும் இங்கே உதவும். நான்கைச் சேர்த்துத் தொடங்கியவருக்கு நான்கும் ஒரே நாளில்தான் விழும்.

விருந்து முடிந்த வீட்டில் முதலில் செய்ய வேண்டியது ஹாலை ஒதுக்குவதல்ல, வந்த சாமானைக் கதவருகிலேயே பிரிப்பது. அன்பளிப்பாக வந்த எவர்சில்வர் குடம் உள்ளே போய் ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டால் உடைமை மயக்கம் தொடங்கிவிடும். பெயர்ச்சீட்டைக் கிழித்து, யார் கொடுத்தது என்று மொய் நோட்டில் எழுதி, வைத்துக்கொள்வதா அடுத்த கல்யாணத்துக்குக் கொடுப்பதா என்று பெட்டியைத் திறக்கும் முன்பே முடிவெடுங்கள். கொடுப்பதாக இருந்தால் பெட்டியின் மேல் கொடுத்தவர் பெயரைச் சிறிதாகக் குறித்து வையுங்கள். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கே அந்தக் குடம் திரும்பிப் போய்விடக் கூடாது பாருங்கள்.